வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும் சாலைகள்: பிரான்ஸ் கிராமங்களில் சைக்கிள்

பிரான்ஸில் சைக்கிள் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தடம் நல்லது?" என்றுதான். லுவார் நதியை ஒட்டிப் போகும் தடம், ரோஸ்கோஃபில் தொடங்கி, பிரித்தானிப் பகுதியின் உள்நிலத்தைக் கடந்து, பிறகு அட்லாண்டிக் ஓரமாக ஸ்பெயின் எல்லை வரை இறங்கும் வெலோதிசே, ரோன் ஆற்றைத் தொடரும் வியாரோனா என்று பெயர் பெற்ற தடங்களுக்குக் குறைவில்லை. பலகையைப் பார்த்துப் போனால் போதும், வழி தப்பாது, குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். அமைதியைத் தேடிப் போகிறவருக்கு மட்டும் இவை முதல் தேர்வு இல்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம். பழைய ரயில் பாதையை மாற்றிப் போட்ட தடமாக இருந்தால் மேடு இருக்காதுதான். ஆனால் இருபுறமும் மரம் மூடிய சுரங்கம் போல நேராகப் போய்க்கொண்டே இருக்கும். சாலையைக் கடக்கும் இடமெல்லாம் காரைத் தடுக்க ஒரு கம்பித் தடுப்பு. பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்கும் சைக்கிளை அதற்குள் நெளித்து நுழைப்பதற்குள் அலுத்துவிடும்.

உண்மையான அமைதி சாதாரணத் தார் சாலையில்தான் இருக்கிறது. பிரான்ஸில் மொத்தம் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர் சாலை. அதில் சுமார் 7 லட்சம் கிராம ஊராட்சிகளுடையது, 3.8 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு மாவட்டச் சாலைகள். இவ்வளவு சாலை வந்ததற்கு ஒரு சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1836ல் கிராமப் பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர்களின் தலையில் வைத்து, அதற்குப் பணமும் ஆளும் திரட்ட வழி செய்தார்கள். பத்து வீட்டுக் குக்கிராமத்துக்கும், தனியாக நிற்கும் பண்ணைக்கும்கூடப் பாதை வந்தது; இருபதாம் நூற்றாண்டில் அதற்குத் தாரும் வந்தது. பிறகு ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சாலை இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை. வடகிழக்கில் மியூஸ் மாவட்டத்திலிருந்து தென்மேற்கில் லாந்த் வரை குறுக்காக ஒரு பட்டை இழுத்தால், அதற்குள் மக்கள் மிகக் குறைவு. 'வெறுமையின் மூலைவிட்டம்' என்று அதற்குப் பிரெஞ்சில் பெயரே உண்டு. சைக்கிள்காரருக்கு அதுதான் சொர்க்கம்.

அந்தச் சாலையைக் கண்டுபிடிக்க ஃபோனைவிடக் காகித வரைபடம் உதவும். மிஷலின் வரைபடத்தில், 1:150,000 அல்லது 1:200,000 எது கிடைத்தாலும், சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சிறியது. வெள்ளையை வெள்ளையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டே போனால் அதுதான் வழி. மஞ்சளைக் குறுக்கே கடக்கலாம், ஓரிரு கிலோமீட்டர் தொட்டும் போகலாம். ஒரு நாள் முழுக்க மஞ்சளில் ஓட்டினால் வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் அழகான சாலை என்று பொருள். அதைப் பார்த்ததும் பாய வேண்டாம். அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறவர்கள் உண்டு. கோட்டின் மேல் இருக்கும் அம்புமுனைகளையும் எண்ண வேண்டும்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம் ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். முனை காட்டுவது ஏறும் திசையை. மூன்று முனையைத் தப்பான பக்கத்திலிருந்து சந்தித்தால் இறங்கித் தள்ளுவதுதான் வழி.

சாலை எண்ணை நம்பிப் பலரும் ஏமாறுகிறார்கள். 'ஏ' என்றால் நெடுவிரைவுச் சாலை, சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 'என்' தேசியச் சாலை. 'டி' மாவட்டச் சாலை. எண் பெரிதானால் சாலை சிறிதாகும் என்பது பாதி உண்மைதான். 2006ஐ ஒட்டி ஏராளமான தேசியச் சாலைகளை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. மாவட்டங்கள் அவற்றுக்குப் புது எண் போட்டன. லோத் மாவட்டத்தில் டி 820 என்று இருப்பது பழைய என் 20. பாரிஸிலிருந்து துலூஸ் போகும் ராஜபாட்டை அது! பழைய என் 140தான் இன்றைய டி 840. மூன்று இலக்க எண்ணைப் பார்த்துச் சின்னச் சாலை என்று நினைத்துப் போனால் லாரிக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் அதே சாலைக்கு எண் மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். திசைப் பலகையின் நிறம் இதைவிட நல்ல சாட்சி. நீலப் பலகை நெடுவிரைவுச் சாலைக்கு, பச்சைப் பலகை பெரிய ஊர்களை இணைக்கும் சாலைக்கு, வெள்ளைப் பலகை உள்ளூருக்கு. ரவுண்டானாவில் குழம்பினால் வெள்ளைப் பலகையில் இருக்கும் ஊரின் பக்கம் திரும்புங்கள். 'எல்லாத் திசைகளும்' என்று பொருள்படும் 'தூத் திரெக்சியோன்' பலகை உங்களை ஊருக்கு வெளியே லாரிச் சாலையில் கொண்டுபோய் விடும். ஊருக்குள் நுழைய 'சாந்த்ர்-வீல்'.

எத்தனை வண்டி போனால் அமைதி? பல மாவட்ட நிர்வாகங்கள் தங்கள் சாலைகளில் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை வண்டி ஓடுகிறது என்ற கணக்கை வரைபடமாக வெளியிடுகின்றன. அதைச் சைக்கிள் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். நாளுக்கு 1,000 வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு பகலின் 12 மணி நேரத்தில் ஓடினால், மணிக்கு 67. அதில் பாதிதான் உங்கள் திசையில், அதாவது 33. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள், கார் 80ல் வருகிறது. ஆக முக்கால் பங்குதான் உங்களைத் தாண்டும். மணிக்கு 25 கார், இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. நாளுக்கு 300 வண்டி ஓடும் சாலையில் எட்டு நிமிடத்துக்கு ஒன்று. 5,000 என்றால் அரை நிமிடத்துக்கு ஒன்று, அதாவது ஓயாத இரைச்சல். 1,000க்குக் கீழே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், 500க்குக் கீழே இருந்தால் தேடிப் போகலாம்.

வழி போடும் செயலிகளைப் பற்றி ஒன்று. பந்தய சைக்கிள் என்று தேர்ந்தெடுத்தால் மஞ்சள் சாலையில் தள்ளப் பார்க்கும். பயண சைக்கிள் என்றால் சில இடங்களில் உழவர் வண்டிப் பாதையில் இறக்கிவிடும். மழைக்குப் பிறகு அந்தக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிமெண்ட் போல் இறுகிவிடும். செயலி போட்ட வழியை, பிரான்ஸின் தேசிய வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் வான்படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தார் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாகத் தெரியும். நடுவில் பச்சைக் கோடு ஓடினால் அது வண்டிப் பாதை.

செலே பள்ளத்தாக்கு

லோத் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கஓர் நகரிலிருந்து ஃபிஜாக் போக வேண்டும். லோத் ஆற்றின் வடகரையை ஒட்டிப் போகும் டி 662 சாலை வேர் ஊரைத் தாண்டியதும் ஒடுங்கிவிடும். பாறை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சேன்-சிர்-லபோப்பி என்ற மலையுச்சிக் கிராமத்தைப் பார்க்கப் போகும் கார்களெல்லாம் இந்த வழியில்தான் வரும். காலை ஒன்பதுக்குள் இந்தத் துண்டை முடித்துவிடுவது நல்லது. கோந்துஷேயில் செலே ஆறு லோத்தில் வந்து கலக்கிறது. அங்கே இடப்பக்கம் டி 41ல் திரும்பினால் காட்சியே மாறிவிடும். கப்ரரே, சோலியாக், மார்சியாக், பிரெங், எஸ்பான்யாக், கோர்ன் என்று ஊர் ஊராக ஆற்றோடு போய் ஃபிஜாக்கில் முடியும், 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆற்றை எதிர்த்துத்தான் போகிறோம், ஆனால் ஏற்றம் காலுக்குத் தெரியாது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் இந்தத் திசையில் முதுகைத் தள்ளும். எதிர்த்திசையில் போகிறவர்கள் இறக்கத்தை நம்பிக் காற்றில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்தச் சாலையில் கோடைக்காலத்தில் கவனிக்க வேண்டியது கார் இல்லை, படகு ஏற்றிய ட்ரெய்லரை இழுத்து வரும் வேன். கயாக் வாடகைக்கு விடுகிறவர்கள் ஆட்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். வேன் உங்களைத் தாண்டியதுமே வலப்பக்கம் திரும்பினால், பின்னால் வரும் ட்ரெய்லர் உங்கள் பக்கமாக வெட்டும். வேனின் பின்விளக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ட்ரெய்லரின் பின்விளக்கைப் பாருங்கள்.

கப்ரரேயிலிருந்து செங்குத்தாக ஏறினால் பெஷ் மெர்ல் குகை. புள்ளி போட்ட குதிரைகளின் கற்கால ஓவியம் உள்ள இடம். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், ஆகவே முன்பதிவு செய்யாமல் மேட்டில் ஏறினால் ஏறியது வீண். உள்ளே 12 டிகிரிதான். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒரு மணி நேரம் நிற்க முடியாது. ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறினால் 'கோஸ்' என்று அழைக்கப்படும் சுண்ணாம்புப் பீடபூமி. 150 முதல் 200 மீட்டர் உயரம், மூன்று நான்கு கிலோமீட்டரில் ஏறிவிடலாம். மேலே குட்டையான ஓக் மரங்கள், கல்லடுக்கி எழுப்பிய வேலிகள், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கறுப்பு வளையம் உள்ள செம்மறிகள். கார் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீரும் அப்படித்தான். பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் ஓடை கிடையாது, ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி அதிகம். கோஸில் ஏறும் முன் பள்ளத்தாக்கிலேயே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஜூலையில் மூன்றாவது பாட்டிலும் தேவைப்படும்.

ஜெர்ஸ்: விசிறிக் கணக்கு

தென்மேற்கே ஜெர்ஸ் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் ஆறுகள் விசிறி போல் விரிந்திருக்கும். எல்லாம் தெற்கே லான்மசான் பீடபூமியில் பிறந்து வடக்கே ஓடுபவை: சாவ், ஜிமோன், அரா, ஜெர்ஸ், பாயீஸ், ஓஸ். வடக்கு–தெற்காக ஓட்டினால் ஆற்றோடு போகலாம், சமதளம். கிழக்கு–மேற்காக ஓட்டினால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும், ஒவ்வொன்றும் 80, 100 மீட்டர். வரைபடத்தில் சாதுவாகத் தெரியும் 60 கிலோமீட்டர் அன்று மாலை முட்டியில் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குகளின் இரண்டு சரிவும் ஒரே மாதிரி இல்லை. ஆற்றின் கிழக்குக் கரை செங்குத்து. மேற்குக் கரை நீண்டு மெல்லச் சரிவது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் மெல்ல இறங்கி, ஆற்றைக் கடந்ததும் சுவர் போன்ற மேட்டில் ஏற வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே போனால் ஏற்றம் நீளமானது, ஆனால் மிதமானது. செங்குத்து இறக்கமாக மாறிவிடும். கால் பலம் குறைந்தவருக்கு இரண்டாவதுதான் நல்லது. ஆனால் அப்போது மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். காற்றில்லாத நாளில் மேற்கே, காற்றடிக்கும் நாளில் கிழக்கே என்று வைத்துக்கொள்வது ஒரு வழி. தென்கிழக்கிலிருந்து 'ஓதான்' என்ற சூடான காற்று வீசும் நாட்களில் கணக்கு தலைகீழாகும்.

சமதளம்தானே என்று ஜெர்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துவிட வேண்டாம். ஓஷ், ஃப்ளூரான்ஸ், லெக்தூர் எல்லாவற்றையும் கோக்கும் என் 21 அதே பள்ளத்தாக்கில்தான் லாரியோடு ஓடுகிறது. பக்கத்து ஆற்றுக்குப் போங்கள், அல்லது இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள முகட்டுச் சாலையைப் பிடியுங்கள். முகட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் மெல்லிய ஏற்ற இறக்கம்தான். வானம் தெளிந்த நாளில் தெற்கே பிரனீஸ் மலைத்தொடர் முழுவதும் தெரியும். அது மிகத் துல்லியமாகத் தெரிந்தால் மழை வரப்போகிறது என்பது அங்கே பழைய பேச்சு.

சாலையில் என்ன கெடும்

கோடையில் 'கிராவியோன்' என்ற பலகையைப் பார்ப்பீர்கள். பழைய தார் மேல் திரவத் தார் தெளித்து, 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான ஜல்லிப் பொடியைத் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிகளின் சக்கரமே அதை அழுத்திப் பதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டியே வராத சாலையில் யார் அழுத்துவது? அதனால் வெள்ளைச் சாலையில் பொடி நாள்கணக்கில் உதிரியாகவே கிடக்கும். சக்கரம் ஓடிய இரண்டு தடங்களும் ஓரளவு இறுகியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் பொடி குவியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாதீர்கள், சைக்கிளைச் சாய்க்காதீர்கள், கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். 35 டிகிரி வெயிலில் சில சாலைகளில் தார் மேலே கசிந்து கறுப்பாகப் பளபளக்கும். அது டயரில் ஒட்டி, பொடியை அள்ளி, மட்கார்டுக்குள் சிக்கி உரசும். நின்று, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் அப்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆறினால் வராது.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேறு தொல்லை. டிராக்டரில் கட்டிய இயந்திரத்தால் வேலிப் புதரை வெட்டுவார்கள். கருமுள் புதரின் துண்டுகள் சாலையெங்கும் சிதறும். பஞ்சர் ஆனால் ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டாம், முள் டயருக்குள்ளேயே நிற்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். ஒரு துணியை உள்ளே சுற்றி ஓட்டுங்கள், சிக்கும் இடத்தில் முள் இருக்கும். சாலைக் குழிக்கு பிரெஞ்சில் 'நீ த பூல்' என்று பெயர், கோழிக் கூடு. முட்டையிடும் அளவுதான் என்று நம்பி விழக்கூடாது.

இதையெல்லாம் தாங்க 28 மில்லிமீட்டர் டயர் குறைந்தபட்சம், 32 வசதி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் 32 டயரில் காற்றழுத்தம் பின்னால் 4 பார், முன்னால் 3.5 பார் போதும். கியரில் முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 34 பல் இருந்தால் சுமையோடும் ஏறலாம். கிராமத்தில் சைக்கிள் கடை இருக்காது: ட்யூப் இரண்டு, ஒட்டும் பட்டை, கிழிந்த டயருக்குள் வைக்கத் தடித்த பிளாஸ்டிக் துண்டு, செயின் இணைப்பு ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி, உங்கள் சைக்கிளின் கியர் தொங்கும் கொக்கி ஒன்று. கடைசியில் சொன்னது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும்; உடைந்தால் பெரிய நகரத்திலும் உடனே கிடைக்காது.

சோறும் தண்ணீரும்

கிராமத்துக் கடை மதியம் 12 முதல் 2 வரை மூடியிருக்கும், சில இடங்களில் 3, 4 வரையிலும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றுமே கிடைக்காது. திங்களன்று ரொட்டிக் கடைகள் பலவும் விடுமுறை. ஞாயிறு காலையிலேயே இரண்டு வேளைக்கு வாங்கிக்கொள்வது பழகியவர்களின் வழக்கம். ரொட்டிக் கடை இல்லாத ஊரில் 'தெப்போ த பேன்' என்று எழுதிய கடையில் ரொட்டி வைத்திருப்பார்கள். சில ஊர்களில் காசு போட்டால் ரொட்டி தரும் இயந்திரமும் உண்டு. (இலங்கைத் தமிழின் 'பாண்' போர்த்துகீசியர் கொண்டுவந்தது, பிரெஞ்சின் 'பேன்' அதற்கு லத்தீன் வழியில் உடன்பிறப்பு.) சைவம் சாப்பிடுகிறவர்கள் சாலட் என்று நம்பி ஆர்டர் செய்ய வேண்டாம். தென்மேற்கில் அதில் வாத்தின் இரைப்பையும் இருக்கும். ரொட்டி, தக்காளி, 35 கிராம் வட்டத்தில் வரும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் என்று பையிலேயே வைத்துக்கொண்டால் கவலையில்லை.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும், பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் இருக்கும் என்பது சைக்கிள்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டியோ ஊரின் விளிம்பிலோ இருக்கும். 'ஓ பொத்தாப்ல்' என்றிருந்தால் குடிக்கலாம், 'நோன் பொத்தாப்ல்' என்றிருந்தால் கூடாது. பலகையே இல்லாத பழைய ஊற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். குளிர்காலத்தில் கல்லறைக் குழாயை உறைந்துவிடாமலிருக்க மூடிவிடுவார்கள்.

சட்ட விஷயங்கள் சுருக்கமாக: ஊருக்கு வெளியே இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சென்ற மேலங்கி கட்டாயம். காதில் இயர்ஃபோன் மாட்டினால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்குக் கீழானவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். கார் உங்களைத் தாண்டும்போது ஊருக்கு வெளியே 1.5 மீட்டர், ஊருக்குள் 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 'ரூத் பாரே' (சாலை மூடல்) என்றால் பல நேரம் காருக்குத்தான் மூடல், சைக்கிள் புகுந்துவிடும்; பாலத்தையே எடுத்திருந்தால் புகாது. எதிரில் வருகிற உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடியும் வரை வேட்டைக் காலம். 'ஷாஸ் ஆன் கூர்' பலகை இருந்தால் பக்கத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கிறது. சாலையை விட்டு இறங்காமல் நேராகப் போய்விடுங்கள். மே, ஜூன், செப்டம்பர் முதல் பாதி, இவைதான் நல்ல மாதங்கள்.

கஓருக்குப் பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேரடி இன்டர்சிட்டே ரயில் உண்டு. சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், 10 யூரோ, இடம் கொஞ்சமே. இடம் கிடைக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்கினால் சாமானாகக் கொண்டுபோகலாம். ஃபிஜாக்கிலிருந்து பிரீவ் பக்கமோ துலூஸ் பக்கமோ பிராந்திய ரயிலில் திரும்பலாம்.

அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறவர்கள் புறப்படும் முன் பிரேக்கைச் சோதியுங்கள். இந்தியா, இலங்கை, பிரிட்டன் சைக்கிள்களில் வலக்கைப் பிடி முன்பிரேக். பிரான்ஸில் இடக்கைப் பிடி. பதற்றத்தில் பழகிய கை அழுத்தும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் தப்பான பக்கத்தில் போவது நெரிசலில் நடப்பதில்லை, மற்ற வண்டிகள் நினைவூட்டிவிடும். ஆளே இல்லாத வெள்ளைச் சாலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து திரும்பும்போதுதான் நடக்கிறது. முன்னால் வளைவு, வேலிப் புதர் மறைத்திருக்கிறது, பால் வண்டி எதிரே வருகிறது. பிரான்ஸில் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது நினைவில் இருக்க, கைப்பிடியின் வலது முனையில் சிவப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.